லேசாக ஏறும் மோட்டார்

ஓபுலம்மாவின் சாத்துக்குடித் தோட்டத்தில் எட்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடாமல் போயிருந்தாலாவது மனசு ஆறும். போட்டால் ஓடுகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல்! பலகையில் விளக்கு எரிகிறது, மீட்டரில் முள் அசைகிறது, தொட்டிக்கு மேல் வளைந்து நிற்கும் குழாய் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு சும்மா நிற்கிறது. முந்நூற்றுப் பத்து மரம். ஐந்தாவது வருஷம், முதல் காய்ப்பு. நெல்லிக்காய் அளவு பிடித்திருந்த பிஞ்சுகள் உதிரத் தொடங்கிவிட்டன. அந்த வெயிலில் இன்னும் நாலு நாள் போனால் பிஞ்சு என்ன, மரமே மிஞ்சாது.

பக்கீரப்பா வந்து சேர்ந்தபோது காலை ஏழு மணி. பைக்கின் பின்னால் கட்டியிருந்த கோணிப்பையில் இரண்டு ஸ்பேனர், ஒரு மீட்டர், முனை தேய்ந்த நீளமான திருப்புளி ஒன்று. இவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி. ஐம்பது வயது. பஞ்சு கொட்டிப் பிழைத்த குடும்பம். இவர் மட்டும் பதினாறு வயதில் தாடிபத்ரிக்குப் போய் மோட்டார் பட்டறையில் சேர்ந்து, கம்ப்ரெஸர் பக்கத்திலேயே நின்று நின்று வலது காதைத் தொலைத்துவிட்டுத் தொழிலோடு திரும்பினார். மிச்சமிருந்த இடது காது இரண்டு காதின் வேலையைச் செய்தது. திருப்புளியின் ஒரு முனையைக் குழாயில் வைத்து, மறுமுனையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். அறுநூறு அடிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று மேலே நின்று சொல்லிவிடுவார்.

அவருடைய ஊரான பொந்தலகுண்டாவைச் சுற்றிப் பன்னிரண்டு ஊரில் இன்னொரு பேச்சும் உண்டு. 'பக்கீரப்பா இறக்கின மோட்டார் லேசா ஏறும்.' மற்றவர்கள் இறக்கிய மோட்டாரைத் தூக்க எட்டு ஆள் நாக்குத் தள்ளுவார்கள். குழாயைக் கழற்றும்போதெல்லாம் தண்ணீர் கொட்டி எல்லோரும் தொப்பலாக நனைவார்கள். இவர் இறக்கியதை நாலே ஆள் சங்கிலி போட்டு எடுத்துவிடலாம், மேலே ஈரம் படாது. எப்படி என்று கேட்டால், "கைராசி" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கர்வம் இருக்கும். இருக்கட்டுமே, வேறு என்ன சொத்து இருக்கிறது அவருக்கு?

தோட்டத்தில் அவருக்கு முன்னாலேயே சுப்பராயுடு வந்திருந்தான். நிலத்தைத் துளைத்துப் போர் போடும் ரிக்கு வண்டிக்குத் தரகன். உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு, அது எந்த இடத்தில் எழுந்து நிற்கிறதோ அங்கே அடியில் தண்ணீர் என்று மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தான்.

"வா பக்கீரப்பா, வா! செத்த போருக்குப் பால் ஊத்த வந்தியா?"

"செத்துருச்சா, மயங்கிக் கெடக்குதானு நான் பாக்கறேன். நீ தேங்காயக் கீழ போட்டுடாத, சட்னிக்கு ஆவும்."

ஓபுலம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு நாளில் கண் உள்ளே போயிருந்தது.

"அண்ணே, சுத்தி வளைக்காம ஒண்ணு மட்டும் சொல்லு. போர்ல தண்ணி இருக்கா, இல்லையா? இல்லன்னா சாயங்காலம் ரிக்கு வந்துரும். ரிக்குக் காசுக்கு எருமை ரெண்டையும் வாங்கி ஓட்டிட்டுப் போக ஆள் வந்து வாசல்ல நிக்கறான். இருக்குன்னு சொன்னா அவன இப்பவே தொரத்திடறேன்."

"மோட்டார எடுத்துப் பாத்துரலாமே," என்றான் அவள் புருஷன் லிங்கன்னா.

"பாக்கலாம்," என்றார் பக்கீரப்பா. "போன வருஷம் எடுக்கறப்ப பத்தொம்பதாவது கொழாயில என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

யாருக்குத்தான் மறக்கும்? மேலேயிருந்து இருநூற்று அறுபதாவது அடியில் பாறை பொடிந்து கிடக்கிறது. பம்பு அந்த இடத்துக்கு ஏறி வந்தபோது ஒரு கல் பெயர்ந்து இடுக்கில் சொருகி, அரை நாள் எல்லோரையும் பாடாய்ப் படுத்திவிட்டது. இந்த முறை சிக்கினால் மோட்டார், பம்பு, குழாய், போர் எல்லாம் ஒரேயடியாக மண்ணுக்குள். ஆகவே தண்ணீர் இல்லாத போருக்காக அந்த வம்பில் இறங்கக்கூடாது. தண்ணீர் இருந்தால் இறங்காமல் விடவும் கூடாது. மேலே நின்றபடியேதான் கண்டுபிடித்தாக வேண்டும்.

லிங்கன்னா குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தான். போரில் போட்டுச் சத்தம் கேட்பது அந்தப் பக்கத்துப் பழக்கம்.

"கல்லக் கீழ போடுய்யா!" பக்கீரப்பா கத்தினார். "தரையில போடு, போர்ல இல்ல! இருக்கற கல்லு போதாதா உனக்கு?"

அவன் கல்லை நழுவவிட்டுவிட்டு, பிடுங்கி வைத்திருந்த ஃபியூஸ்களைச் சொருகினான். மோட்டார் கிளம்பியது. மீட்டர் முள் எழுந்து எட்டில் நின்றது. தண்ணீர் இறைக்கும்போது அது பதினேழு காட்ட வேண்டும்.

எட்டு. பக்கீரப்பாவுக்கு அந்த எண் தெரியும். போன கோடையில் வேலிக்கு அந்தப் பக்கத்து நிலத்தில் பார்த்த அதே எட்டு. அது அவருடைய மச்சினன் மௌலாலியின் நிலம். அங்கேயும் மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை. மழை பொய்த்த வருஷம். ஊரில் பாதி போர் வற்றியிருந்தது. பக்கீரப்பா திருப்புளியைக்கூட எடுக்காமல் முள்ளை மட்டும் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "வத்திருச்சுடா" என்றார். மச்சினன் மறுபேச்சுப் பேசவில்லை. பக்கீரப்பா சொன்னால் சொன்னதுதான். இருநூறு மரத்தையும் விறகுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டுப் பெண்டாட்டி பிள்ளையோடு பெங்களூருக்குப் போய், கட்டடம் கட்டுகிற இடத்தில் காவல் இருக்கிறான். வெட்டிய அடிக்கட்டைகள் வேலிக்கு அப்பால் வரிசையாகத் தெரியும். இந்தத் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் பக்கீரப்பா அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

திருப்புளியைக் குழாயில் வைத்து எலும்பில் அழுத்தினார்.

கீழே மோட்டார் ரீங்கரித்தது. ஒரே சீராக, எந்தச் சுமையும் இல்லாமல். வற்றிய போரில் பம்பு காற்றைக் குடித்துக் குடித்து இருமும். முள்ளும் அதோடு சேர்ந்து துடிக்கும். இங்கே முள் எட்டில் ஆணி அடித்தாற்போல் நின்றது. ரீங்காரத்துக்கு அடியில் இன்னொரு சத்தமும் வந்தது. கொதிக்கிற பானையின் மூடி ஆடுவது மாதிரி, டக்டக் டக்டக் என்று.

"கடைசியா எப்ப போட்டீங்க?"

"ஆறு நாளாச்சு. ஃபியூஸப் புடுங்கினதோட சரி," என்றாள் ஓபுலம்மா.

"ஆறு நாள் ஓய்வுல கெடந்த போர் ஒரு வாய் தண்ணியாவது துப்பணுமே. காத்துகூட வரலியே."

"ஊத்துக்கண்ணு மூடிக்கிச்சுய்யா," சுப்பராயுடு தூரத்திலிருந்து குரல் கொடுத்தான். "உன் திருப்புளிக்கு அது எங்க கேக்கும்?"

அப்போது மின்சாரம் போனது. ரீங்காரம் அடங்கியது. இரண்டு மூச்சு விடும் நேரம்தான். மறுபடி வந்தது. பலகையில் 'டப்' என்று ஒரு சத்தம். யாரும் கிட்டே போகவில்லை, தொடவில்லை. மோட்டார் தானாகக் கிளம்பியது. அந்த உதறல் திருப்புளி வழியாக ஏறிப் பக்கீரப்பாவின் மண்டையில் அறைந்தது. டக்டக் இப்போது தடதடவென்று ஆனது.

"எவன்யா போட்டது? புடுங்கு! ஃபியூஸப் புடுங்கு!"

லிங்கன்னா விழுந்தடித்து ஓடிப் பிடுங்கினான். "நான் போடலண்ணே, யாரும் போடல. கரண்டு வந்தா தானா மோட்டாரப் போடற ஆட்டோ மாட்டியிருக்கேன்."

"எப்ப?"

"சங்கராந்திக்கு. கரண்டு விடியக்காலையில எந்நேரம் வருதோ யார் கண்டா? வரப்புல கட்டுவிரியன் வேற கெடக்கு. இந்த லைன்ல எல்லாரும் மாட்டியிருக்காங்க."

"இந்த மாதிரி ஒரு நாளைக்கு எத்தன தடவ கண்ணடிக்குது?"

"பத்து, பதினஞ்சு இருக்கும்."

பக்கீரப்பா ஸ்பேனரை எடுத்து மேல் குழாயை மெதுவாகத் தட்டினார். கணீரென்றது. உள்ளே காலி.

விஷயம் இதுதான். பம்பின் தலையில் ஒரு வால்வு உண்டு. அதற்குள் ஒரு பித்தளை மூடி. மேலே ஏறிய தண்ணீரைக் கீழே திரும்ப விடாது. அது நல்லபடியாக இருந்தால் மோட்டார் நின்றாலும் குழாய் முழுக்கத் தண்ணீர் நிற்கும்; எடுக்கும்போது கனம் முதுகை ஒடிக்கும். பக்கீரப்பா பன்னிரண்டு வருஷமாக அந்த மூடியைக் கழற்றி வீசிவிட்டுத்தான் இறக்கிக்கொண்டிருந்தார். கைராசி என்று ஊரே கொண்டாடியதன் சூட்சுமம் அவ்வளவுதான். மூடி இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்தியதும் தண்ணீர் மொத்தமும் கீழே பாயும். பாய்கிற வேகத்தில் பம்பைப் பின்பக்கமாகச் சுற்றிவிடும். ஐந்து நிமிஷம் பொறுத்துச் சுவிட்சைப் போட்டால் ஒரு பாதகமும் இல்லை. அதனால்தான் இறக்கிய கையோடு ஒவ்வொருவரிடமும் சொல்வார், "நிறுத்தினா அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடு." ஏன் என்று சொன்னதில்லை. ஆட்டோவுக்கு ஐந்து நிமிஷம் தெரியுமா? பம்பு பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரை முன்னால் சுற்றவிடும். இரண்டையும் இணைக்கிற கப்ளிங் எத்தனை நாள்தான் தாங்கும்?

மௌலாலியும் ஆட்டோ மாட்டியிருந்தான். புதிதாக வாங்கியதைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அண்ணே," ஓபுலம்மா கிட்டே வந்து நின்றாள். "மூஞ்சி ஏன் இப்படி ஆயிருச்சு? இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. தாங்கிக்கறேன்."

"தண்ணி இருக்கு," என்றார். "மோட்டார் சுத்துது, பம்பு சுத்தல. நடுவுல கப்ளிங் போச்சு. அது சின்ன வேல. ஆனா ரெண்டையும் பிடிச்சுக்கிட்டிருக்கற நாலு போல்ட்டும் ஆடுது. எத்தன மிச்சம்னு எனக்குத் தெரியல. ஏத்தறப்ப மோட்டார் கழண்டு கீழ போச்சுன்னா போர் அடைஞ்சுரும். எடுக்கறதா வேணாமானு நீதான் சொல்லணும்."

அவள் மரங்களைப் பார்த்தாள், பிறகு சுப்பராயுடுவின் தேங்காயைப் பார்த்தாள். "உன் காத நம்பறேன். எடு."

முக்காலி நட்டுச் சங்கிலி மாட்டி முடிக்கவே ஒன்பது மணியாகிவிட்டது. நாலு ஆள். அவர்களுக்குத் தலைவன் வன்னூர்சாமி, பக்கீரப்பாவோடு பதினைந்து வருஷமாகச் சங்கிலி இழுப்பவன். இருபதடிக் குழாய் ஒவ்வொன்றாக மேலே வரும். கவ்வி மாட்டி, கழற்றி, ஓரமாய்ப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். முப்பத்திரண்டு குழாய்.

"பாருங்கய்யா, பக்கீரப்பா மோட்டார!" ஐந்தாவது குழாயில் வன்னூர்சாமி கூவினான். "கல்யாணப் பொண்ணு மாதிரி நோகாம வருது. ஒரு சொட்டு நனையலியே!"

எல்லோரும் சிரித்தார்கள். பக்கீரப்பா தலையைக் குனிந்துகொண்டார். வழக்கமாக அந்தப் புகழ்ச்சிக்குத் தோளைக் குலுக்கிக்கொள்கிற மனுஷன், இன்றைக்கு ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் கூசிப்போனார்.

குழாயோடு சேர்த்து ஒயரையும் அவரே இழுத்துச் சுருட்டினார். மற்ற யாரையும் தொடவிடவில்லை. போல்ட் எல்லாம் போய்விட்டால் மோட்டாரைத் தாங்கப்போவது அந்த ஒயர் ஒன்றுதான்.

பதினெட்டு. பத்தொன்பது பாதி ஏறியது. சங்கிலி முறுக்கிக்கொண்டு நின்றது. முக்காலியின் ஒரு கால் மண்ணுக்குள் இரண்டு விரல் இறங்கியது.

"இழுங்கடா!" என்றான் லிங்கன்னா.

"தொடாதீங்க!"

"இழுத்தா வந்துரும்ணே, கொஞ்சம்தான்..."

"வரும்யா, பம்பு வரும். மோட்டார் வராது. எல்லாரும் சங்கிலிய விட்டுத் தள்ளி நில்லுங்க!"

சுப்பராயுடுகூட நடப்பதை நிறுத்திவிட்டான். பக்கீரப்பா திருப்புளியைக் குழாயில் வைத்து, கண்ணை மூடி, மறு கையால் ஒயரைச் சுண்டினார். குழாய் அதிர்ந்தது. மோட்டார் இன்னும் கூடவே இருக்கிறது. கீழே கல் ஒன்று உரசும் சத்தம், இடது பக்கமாக.

"வன்னூரு, ஒரு முழம் எறக்கு. மெதுவா... போதும். இப்ப எல்லாரும் கொழாயப் பிடிச்சு வலப்பக்கம் கால் சுத்து திருப்புங்க. கால் சுத்துதான். அல்லா மேல ஆணையா, அதுக்கு மேல ஒரு நூல் திருப்பினாலும் கையை ஒடிச்சுருவேன்."

"கல்லூ ரங்கா, நீயே கதி," என்று தன் சாமியைக் கூப்பிட்டு முனகிக்கொண்டு வன்னூர்சாமி திருப்பினான். கீழே எங்கோ ஏதோ நழுவி விழுந்தது. ஓபுலம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பக்கீரப்பா மறுபடி ஒயரைச் சுண்டினார். குழாய் அதிர்ந்தது.

"இழு. ஊதற மாதிரி இழு."

சங்கிலி நகர்ந்தது. குழாய் ஏறியது. இருபது. இருபத்தொன்று. மூச்சு விட்டாலே அறுந்துவிடும் என்பது போல எல்லோரும் குசுகுசுவென்று எண்ணினார்கள். முப்பத்திரண்டாவது குழாய்க்குப் பின்னால் பம்பு வெளியே வந்தது. அதற்கும் கீழே மோட்டார், ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, ஒற்றைப் போல்ட்டில் தொங்கியது. மற்ற மூன்று ஓட்டையும் காலி. குழாய்கள் கடைசி நூற்றைம்பது அடிக்கும் வெளிப்புறம் ஈரமாக வந்திருந்தன. போரில் தண்ணீர் அந்த உயரத்துக்கு நிற்கிறது.

வன்னூர்சாமி பக்கீரப்பாவைக் கட்டிக்கொண்டான். லிங்கன்னா தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "எல்லாம் என்னாலதான். அந்தப் பாழாப்போன ஆட்டோவ மாட்டினேனே! என்னச் செருப்பால அடிக்கணும்."

"அடிக்கத்தான் போறேன், இரு," என்றாள் ஓபுலம்மா. அவள் முகத்தில் எட்டு நாளுக்குப் பிறகு உயிர் வந்திருந்தது.

பக்கீரப்பா நினைத்திருந்தால் அங்கேயே விஷயத்தை முடித்திருக்கலாம். வால்வு மூடிக்கிடக்கிற சாமான். உள்ளே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? கப்ளிங் வாங்க ஆளை அனுப்பும்போது கூடவே ஒரு புது வால்வும் வாங்கிவரச் சொன்னால் தீர்ந்தது. பழி ஆட்டோவோடு போயிருக்கும். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது, பொய் சொல்வானேன்? ஆனால் லிங்கன்னா தலையில் அடித்துக்கொண்டே இருந்தான். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வால்வைக் கழற்றி ஓபுலம்மாவின் கையில் கொடுத்தார்.

"உள்ள பாரு. ஒரு மூடி இருக்கணும். இல்ல. நான்தான் கழட்டினேன். அது இருந்திருந்தா ஆட்டோவால கப்ளிங் போயிருக்காது. எடுக்கறதுக்கு லேசா இருக்கட்டும்னு எல்லாருக்கும் அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கேன். அஞ்சு நிமிஷம் பொறுன்னு சொன்னேன், எதுக்குன்னு சொல்லல. தப்பு லிங்கன்னாவோடது இல்ல, என்னோடது."

வன்னூர்சாமியின் கை அவர் தோளிலிருந்து இறங்கியது. ஓபுலம்மா வால்வுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் மறுபக்கம் வந்தது.

"பாவி மனுஷா!" என்றாள். "எட்டு நாளா என் மரம் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. உன் கைராசிக்கு என் தோட்டம்தான் கெடச்சுதா? லேசா ஏறுதாம், லேசா!" வால்வை அவர் காலடியில் வீசினாள். "இப்ப ஒண்ணும் பேசாத. மொதல்ல எறக்கு. மூடியோட எறக்கு."

தாடிபத்ரிக்குப் போன ஆள் சாமான் வாங்கி வந்தான். பக்கீரப்பா கப்ளிங் மாற்றி, மூடியோடு புது வால்வு வைத்து, நாலு போல்ட்டும் புதிதாகப் போட்டு இறுக்கினார். ஆட்டோவைக் கழற்றித் தூக்கி எறிந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லாம் இறக்கி முடிந்தது. சுவிட்சை ஓபுலம்மாவே போட்டாள். முள் எழுந்து பதினேழைத் தொட்டது. குழாய் முதலில் பெருமூச்சு விட்டது, இருமியது, செம்மண் கலங்கலாகக் கொஞ்சம் கக்கியது. பிறகு குழாயின் வாய் நிறைந்து தண்ணீர் தொட்டியில் விழுந்தது. முதல் வரிசை மரத்தடி நனைந்ததும் கிளம்பிய மண் வாசனையில் வன்னூர்சாமிகூடக் கோபத்தை மறந்து கையைக் காலைக் கழுவிக்கொண்டு சிரித்தான். சுப்பராயுடு எப்போது போனான் என்று யாரும் கவனிக்கவில்லை. தேங்காய் வரப்பில் கிடந்தது.

ஓபுலம்மா கேழ்வரகுச் சங்கடி உருண்டையும் வேர்க்கடலைச் சட்னியும் தட்டில் கொண்டுவந்து பக்கீரப்பாவின் முன்னால் வைத்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து, வேலிக்கு அப்பால் வரிசையாக நின்ற அடிக்கட்டைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, மௌலாலியோட போர்லயும் நீதான மோட்டார் எறக்கின?"

பக்கீரப்பா தட்டைக் கீழே வைத்தார். நேற்றுக் காலையிலிருந்து அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. ஒரு வருஷமாக அந்த நிலத்துப் பக்கம் திரும்பாதவர் இப்போது திரும்பிப் பார்த்தார். வீட்டில் மனைவி மாபுன்னி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தம்பி பெங்களூருக்குப் போனதிலிருந்து அவள் தொழுகையில் மட்டும் நேரம் கூடியிருந்தது.

போனை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் கலவை இயந்திரத்தின் இரைச்சல்.

"சொல்லு மாமா! அக்கா நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கா. டேய் மௌலாலி... உன் போர் வத்தலடா. தண்ணி இருக்கு. அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். கப்ளிங்தான் போயிருக்கு, அதுவும் என்னாலதான். நாளைக்கே எடுத்துச் சரி பண்ணிடறேன். ஒரு வாரத்துல தண்ணி விட்டுரலாம். நீ கெளம்பி வாடா."

இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கீரப்பா இடது காதில் போனை இன்னும் அழுத்தினார். அவன் வைதால் தேவலை என்று இருந்தது. நாலு கெட்ட வார்த்தை சொன்னால் வாங்கிக்கொள்ளலாம்.

"எதுக்கு மாமா விடறது?" என்றான் மௌலாலி. "மரம் இல்லையே."